தயிர்வடை வழக்கு

குண்டூர் மிளகாய்ச் சந்தையில் ஏலம் கூவுகிற பசுபுலேட்டி கோட்டய்யாவின் வீட்டில் மெதுவாகப் பேசுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பகலெல்லாம் காரத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு கத்திவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் தண்ணீர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கும் தொண்டை அகலமாகிவிட்டது. மூன்று பையன்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டிதான் வகுளா.

அந்த வீட்டில் வாய் இல்லாவிட்டால் தட்டில் கறித்துண்டு விழாது. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வகுளா சண்டையின் சூட்சுமங்களைக் கற்றுவிட்டாள். எதிராளி சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது. அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் உள்ளே புகுந்துவிட வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால், போன வருஷம் அவன் செய்த தப்பு ஒன்றை எடுத்துப் போட வேண்டும். அண்ணன்மார் அவளை 'விதண்டாவாதி' என்று கூப்பிட்டார்கள். அவள் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. ஜெயித்த பிறகு அவளுக்குத் தூக்கம் வராது. 'அவன் இப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன், நான் அப்படிச் சொன்னது எடுபட்டதா' என்று படுத்துக்கொண்டே சண்டையை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்பாள். அடிவயிறு எரியும். ஊரில் எல்லோருக்கும் எரிகிற மாதிரி இதுவும் மிளகாயின் வேலை என்றே நினைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பை ஆந்திரத்தில் இண்டர் என்பார்கள். அந்தப் பரீட்சையில் அவளுக்கு சமஸ்கிருதத்தில்தான் அதிக மார்க். ஆந்திரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். மார்க்குக்காக எடுத்துவிட்டு, தெலுங்கிலேயே விடை எழுதிவிட்டு வருவார்கள். அந்த மார்க்கை நம்பி, கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த ஒரு சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், முடித்துவிட்டு பி.எட். படித்தால் வாத்தியார் வேலை நிச்சயம் என்று தாய்மாமன் சொல்லியிருந்தார். வகுளா இலக்கியம் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது நியாய சாஸ்திரம்.

"நியாயம்னா வக்கீல் படிப்புதானே? இவளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!" என்றார் கோட்டய்யா. அடுத்த நாளே சந்தை முழுக்கத் தன் மகள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்று கூவிவிட்டார். அது தர்க்கம் படிப்பது, கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் பொப்பிலிப் பக்கத்துப் பெண், பெயர் பைடிதல்லி. எல்லோரும் பைடி என்று கூப்பிட்டார்கள். ஈரத் துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடுகிற மாதிரி வார்த்தைகளைப் போடுகிறவள். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் வகுளாவுக்குப் பொறுமை போய்விடும். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, தரைத்தளத்தில்.

சனிக்கிழமைதோறும் வாதப் பயிற்சி நடக்கும். நடத்துகிற அனந்தசயனம் சார் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். ஒலி என்றும் இருப்பதா, பிறந்து அழிவதா என்பது முதல் சனிக்கிழமையின் விஷயம். பைடி மெதுவாகத் தன் கட்சியைச் சொல்லி முடித்தாள். முடிப்பதற்கு முன்பே வகுளா எழுந்துவிட்டாள்.

"இரும்மா. அவ என்ன சொன்னா?" என்றார் சார்.

"தப்பா சொன்னா சார்."

"தப்புன்னு அப்புறமா சொல்லிக்கலாம். என்ன சொன்னா?"

வகுளா வாயைத் திறந்தாள். பைடி பேசிய நேரம் முழுவதும் அவள் தன் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.

"எதிராளி சொன்னதை முதல்ல நீ திருப்பிச் சொல்லணும். 'ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்'னு அவ ஒத்துக்கணும். அதுக்கப்புறம்தான் உன் பதில்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் மூன்று வகைப் பேச்சை எழுதினார் சார். உண்மை எது என்று இருவரும் சேர்ந்து தேடினால் வாதம். ஜெயிப்பதற்காகப் பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் அடுத்தவன் கட்சியை உடைப்பது மட்டும் வேலை என்றால் விதண்டை.

"நான் ரெண்டாவது ரகம் போல" என்று வகுளா முணுமுணுத்தாள்.

"மூணாவது" என்றாள் பைடி, எழுதிக்கொண்டே.

அன்று மாலை அறையில் வகுளா பொரிந்து தள்ளினாள். "உன் கட்சியை நான் எதுக்குடி தூக்கிச் சுமக்கணும்? எனக்கென்ன தலையெழுத்தா?"

"சுமக்க வேணாம். தொட்டாவது பாரேன்" என்று சொல்லிவிட்டு பைடி துணி துவைக்கப் போய்விட்டாள்.

முதல் வருஷம் முழுக்க வகுளா தோற்றுக்கொண்டே இருந்தாள். அதிகம் பேசியவள் அவள்தான். ஆனால் 'ஆமா, இதைத்தான் சொன்னேன்' என்ற ஒப்புதலை பைடியிடமிருந்து வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். பாடத்தில் ஒன்று மட்டும் அவள் மனதில் தங்கியது. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? புகையைக் கிளப்புவது ஈர விறகு. அந்த ஈர விறகு மாதிரி மறைந்து நிற்கிற காரணத்துக்கு உபாதி என்று பெயர். தெலுங்கில் உபாதி என்றால் பிழைப்பு, வேலை. பையன்கள் இதை வைத்து ஓயாமல் கேலி செய்வார்கள்: "சார், எங்களுக்கு எப்ப சார் உபாதி கெடைக்கும்?"

இரண்டாம் வருஷம் உகாதி வந்தது. விடுதிச் சமையல்காரி சாம்ராஜ்யம் அன்று புளியோதரையும் போளியும் தயிர்வடையும் செய்திருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், பரிமாறும்போது கை தாராளம். பெண்கள் அவளைப் பின்னி என்றுதான் கூப்பிடுவார்கள், வீட்டில் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி. மாலையில் கலைநிகழ்ச்சி. கோலாட்டத்துக்கு அலங்காரம் செய்துகொள்ள எல்லோரும் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். நாலைந்து பேரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பெற்றோர்கள் போன் மேல் போன் போட்டார்கள். விடுதியைக் கவனித்துக்கொண்ட இந்துமதி மேடம் இலக்கியம் கற்பிப்பவர். கன்றுக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாத சுபாவம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி, "என்னம்மா ஆச்சு, யாராவது சொல்லுங்க" என்றார்.

வகுளா எழுந்தாள்.

"மேடம், படுத்திருக்கிறவங்களைக் கேளுங்க. ஒருத்தி விடாம எல்லாரும் தயிர்வடை சாப்பிட்டவங்க. தயிர் முந்தின நாளே தோய்ச்சது. வெயில் எப்படிக் கொளுத்துது பாருங்க! 'தயிர் கொஞ்சம் புளிச்சிருக்கு'ன்னு பின்னியே பரிமாறும்போது சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். புளிச்ச தயிருன்னு தெரிஞ்சே எங்க தட்டுல போட்டிருக்காங்க!"

சாம்ராஜ்யம் சமையலறை வாசலில் நின்றாள். "நானும்தான் சாப்பிட்டேன் தாயி. மிஞ்சினதெல்லாம் நான்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்களுக்குப் பழகின வயிறு பின்னி. கல்லைத் தின்னாலும் செரிக்கும்!"

கூடம் சிரித்தது. பிறகு கைதட்டியது. குண்டூர் வீட்டில் யாரும் அவளுக்குக் கை தட்டியதில்லை. இந்துமதி மேடம் யாரையும் பார்க்காமல், "சாம்ராஜ்யம், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். சாம்ராஜ்யம் மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது.

வகுளாவுக்கு வழக்கம் போலத் தூக்கம் வரவில்லை. இந்த முறை அதிகமாகவே எரிந்தது.

அந்த வார வகுப்பில், அடுத்த சனிக்கிழமை வாதத்துக்கு விஷயம் கேட்டார் சார். பைடி எழுந்து, "பெண்கள் நோய்க்குக் காரணம் தயிர்வடையா, இல்லையா" என்றாள்.

வகுளா அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "அது முடிஞ்சுபோன விஷயம்டி."

"முடிஞ்சதுன்னா சுலபமா பேசலாமே" என்றாள் பைடி.

சாருக்கு விஷயம் பிடித்துவிட்டது. "வடைதான் காரணம்ங்கிற கட்சி பைடிதல்லிக்கு. இல்லைங்கிற கட்சி வகுளாவுக்கு."

"சார், நான் அந்தப் பக்கம் இல்ல சார்! நான் வடைதான்னு சொன்னவ."

"அதைத்தான் பேசியாச்சே. இப்ப மத்ததைப் பேசு."

வேறொருத்தியாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு நாலு வார்த்தை பேசி முடித்திருப்பாள். வகுளாவால் முடியாது. எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அவள் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமென்றால் தன் பழைய பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். அன்று மாலையே அறை அறையாக ஏறி இறங்கி விசாரிக்கப் புறப்பட்டாள். பைடியும் கூட வந்தாள்.

தரைத்தளத்தில் யாரைக் கேட்டாலும், "நான் மூணு சாப்பிட்டேன்", "நான் அஞ்சு, வெளியில சொல்லாதே" என்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. வகுளா படிக்கட்டில் நின்றுவிட்டாள்.

"படுத்தவங்க எல்லாரும் வடை சாப்பிட்டாங்கன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னே."

"படுக்காதவங்களும் எல்லாரும் சாப்பிட்டிருக்காங்க. விடுதி முழுக்கச் சாப்பிட்டிருக்கு." தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். "படுத்தவங்க எல்லாரும் பாவாடை கட்டியிருந்தாங்கன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு!"

பைடி சிரித்தாள். வகுளாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அது பைடி மேல் இல்லை.

மேல்தளத்தில் ஹைமவதி என்ற பெண் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தயிர் வாடையே ஆகாதவள்; தயிர்ச் சோற்றுப் பந்தியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவள்.

"உனக்கென்ன?" என்றாள் வகுளா.

"வயிறுதான் அக்கா. ரெண்டு நாளா."

"நீ வடை சாப்பிடவே இல்லையே!"

"அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் வடையாலன்னு சொன்னாங்க. எனக்கு வேற ஏதோ வலின்னு நெனச்சுக்கிட்டேன்."

வகுளா அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தான் கூடத்தில் அத்தனை கணீரென்று பேசியதால் இந்தப் பெண் தன் நோயையே நம்பாமல் கிடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஜெயிப்பது ஞாபகத்திலேயே இல்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். படுத்தவர்களில் முக்கால்வாசி மேல்தளத்துக்காரிகள். மற்றவர்கள் உகாதி மாலை கோலாட்ட அலங்காரத்துக்காக மேல்தளத்துக்கு வந்தவர்கள்.

"இங்க வந்து என்ன செஞ்சாங்க?"

"ஆடிப் பழகினாங்க. தண்ணி குடிச்சாங்க" என்றாள் ஹைமவதி.

"எந்தத் தண்ணி?"

ஹைமவதி தாழ்வாரத்து டிரம்மைக் காட்டினாள். மேல்தளத்துச் சுத்திகரிப்பு எந்திரம் கெட்டு ஒரு மாதமாகிறது. வாட்ச்மேன் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய் போட்டு டிரம்மை நிரப்பி வந்தான்.

வகுளாவும் பைடியும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். தொட்டியின் மூடி ஒரு மூலையில் கிடந்தது. அந்த ஊர்க் குரங்குகளுக்கு மூடியைக் கண்டால் திறக்காமல் இருக்க முடியாது. பைடி எட்டிப் பார்த்துவிட்டு உடனே தலையை இழுத்துக்கொண்டாள். உள்ளே புறா ஒன்று செத்து மிதந்தது.

"ஈர விறகு" என்றாள் பைடி.

வகுளா கீழே இறங்கி டிரம்மைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. "யாரும் மாடித் தண்ணியைத் தொடாதீங்க!" என்று அப்பாவின் ஏலக் குரலில் கத்திக்கொண்டே மேடத்தின் அறைக்குப் போனாள்.

இந்துமதி மேடம் கேட்டார். முகம் வெளுத்தது. பிறகு இறுகியது. "தொட்டியைக் கழுவச் சொல்றேன். சாம்ராஜ்யம் விஷயம் முடிஞ்சது முடிஞ்சதுதான். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பேசினவ நீதானேம்மா?"

பழைய வகுளா என்றால் இங்கேதான் உள்ளே புகுந்திருப்பாள். 'எந்திரம் கெட்டு ஒரு மாசம், நீங்க என்ன செஞ்சீங்க' என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் மேடம் சுருண்டுபோவார். சாம்ராஜ்யம் திரும்ப வரமாட்டாள்.

"மேடம், உங்க பக்கத்தை நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க" என்றாள். "பெத்தவங்க போன் போட்டுத் துளைச்சாங்க. நீங்க ஏதாவது செஞ்சே ஆகணும். நான் ஒரு பேரைக் காட்டிக் கொடுத்தேன், நீங்க அதைப் பிடிச்சீங்க. இப்ப பின்னியைத் திரும்பக் கூப்பிட்டா, அப்ப யார் தப்புன்னு கேப்பாங்க. தொட்டியும் எந்திரமும் உங்க பொறுப்புன்னு உங்க தலையில வந்து விழும். உங்களுக்கு வகுப்பும் இருக்கு, விடுதியும் இருக்கு. விடுதி நீங்க கேட்டு வாங்கினதும் இல்ல. அதான் பயம். சரியா மேடம்?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆமா. அதேதான்" என்றார். "இதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல."

"ஆனா மேடம், பின்னியை வீட்டுல உட்கார வச்சதோட நிறுத்தியிருந்தா அந்தத் தண்ணியைத்தான் இன்னும் குடிச்சுக்கிட்டிருப்போம். அடுத்த தடவை குளுக்கோஸோட போயிருக்குமா? தொட்டித் தண்ணிதான் காரணம்னு கண்டுபிடிச்சது விடுதிதான்னு நீங்களே முதல்ல மேலதிகாரிங்ககிட்ட சொல்லிடுங்க. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி."

மேடம் எழுந்து, சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, தானே மொட்டைமாடி ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகத்திலிருந்து பயம் போயிருந்தது. ஒரு வேலையைச் செய்யத் தெரிந்துவிட்ட களை இருந்தது. "போய் அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

சாம்ராஜ்யத்தின் வீடு கால்வாய்க் கரையில். அவள் வாசலில் உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"பின்னி, நடந்தது என்னன்னா, எல்லாரும் வடை சாப்பிட்டதால அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, மேல்தளத்துல மட்டும்..." என்று ஆரம்பித்தாள் வகுளா.

"நிறுத்து" என்றாள் சாம்ராஜ்யம். "அன்னைக்கும் இப்படித்தான் கடகடன்னு பேசினே. எனக்கு அதெல்லாம் வேணாம். ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

வகுளாவுக்கு அந்த ஒரு வார்த்தை எது என்று தெரியும். பிறந்ததிலிருந்து அதைச் சொன்னதில்லை. மூன்று அண்ணன்களிடமும் சொன்னதில்லை. பைடி உதவிக்கு வரவில்லை, கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா சொல்லிட்டேன் பின்னி."

சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. நெஞ்சில் வெகுநாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. மூச்சு ஆழமாக உள்ளே போனது. அவளுக்கே ஆச்சரியமாக, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்ப எதுக்கு அழற? நான்தான் அழணும்" என்றாள் சாம்ராஜ்யம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வரேன். ஆனா இங்க வந்து காதுல சொன்னா ஆச்சா? அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னியோ அங்க வச்சுச் சொல்லணும். அத்தனை பேரும் இருக்கணும்."

"சொல்றேன்."

"கல்லைத் தின்னா செரிக்கும்னியே, அதையும் சேர்த்து."

"அதையும் சேர்த்து பின்னி."

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் வகுளா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். தொட்டியையும் புறாவையும் பற்றி மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "பின்னி மேல நான் சொன்னது தப்பு. நோய் தண்ணியால. அன்னைக்கு நான் யோசிக்கல. உங்களைக் கைதட்ட வைக்கணும்னு பேசினேன். கல்லைப் பத்திச் சொன்னதும் தப்பு" என்றாள்.

மூத்த மாணவி ஒருத்தி விடவில்லை. "என்னடி இது? அன்னைக்கு என்னமா பேசினே! இன்னைக்கு அப்படியே திருப்பிப் போடறே?"

"ஆமாக்கா. அன்னைக்கு நல்லா பேசினேன். சரியா பேசல."

யாரும் கைதட்டவில்லை. "பருப்பு ஆறிப்போகுது, எறங்குடி!" என்று சமையலறை வாசலிலிருந்து சாம்ராஜ்யம் அதட்டினாள். கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அன்று போல் யாரையும் குத்துகிற சிரிப்பு இல்லை. சாம்ராஜ்யம் வகுளாவின் தட்டில் கோவைக்காய் வறுவலை மலை போலக் கொட்டிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி அடுத்த தட்டுக்குப் போனாள்.

"ஒரு உபாதியைக் கண்டுபிடிச்சு இன்னொரு உபாதியைக் காப்பாத்திட்டே" என்று பைடி பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சொன்னாள். இந்த முறை வகுளா அவள் முடிக்கும் வரை காத்திருந்தாள். அன்றிரவு தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

சனிக்கிழமை வாதத்துக்கு இரு கட்சி இல்லாமல் போய்விட்டதால் சார் வேறு விஷயம் கொடுத்தார். வகுளா அதில் தோற்றாள். தோற்றுவிட்டு வெளியே வந்து பைடியோடு மிர்ச்சி பஜ்ஜி சாப்பிட்டாள். அந்த வருஷம் மிச்சமிருந்த வாதங்களில் அவள் பாதிக்குப் பாதி தோற்றாள். வயிறு எரியவில்லை, பஜ்ஜி சாப்பிட்ட நாட்களில்கூட.

மே மாதம் விடுமுறைக்குக் குண்டூர் போனாள். வீட்டில் ஆவக்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் மாங்காய்த் துண்டுகள் குவிந்து கிடந்தன. கடுகுப்பொடி நெடி மூக்கைத் துளைத்தது. உப்பு போதாது என்று பெரிய அண்ணி சொன்னாள். போதும் என்று வகுளா சொன்னாள். அண்ணன்மார் மூவரும் வேடிக்கை பார்க்கத் திண்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"போன வருஷம் மழை முன்னாடியே வந்து ஜாடி ஊசிப்போச்சு. உப்பு குறைஞ்சதாலதான்னு சொல்றீங்க. அதானே அண்ணி?" என்றாள் வகுளா.

"அதேதான்" என்றாள் அண்ணி, சந்தேகமாக.

வகுளா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க சொல்றது சரி. போடுங்க."

முற்றம் அமைதியானது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை அக்கம்பக்கத்தார் கேட்டதே கிடையாது. பெரிய அண்ணன் எழுந்து வந்து தங்கையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"அம்மா, இவளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. அங்க சாப்பாடு சரியா போடறாங்களா என்ன?"

"நல்லாவே போடறாங்க" என்றாள் வகுளா. உப்புச் சட்டியை அண்ணி பக்கம் நகர்த்திவிட்டு, எண்ணெய்ப் பாத்திரத்தை எடுக்க உள்ளே போனாள்.